கெட்டில் கைப்பிடி கழன்று வெந்நீர்க் காயம்: புதுப் பொருள் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா, இழப்பீடு கேட்பதா?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தங்கை வீட்டுக்கு நான் ஒரு மின்கெட்டில் வாங்கிக் கொடுத்திருந்தேன். வாங்கி ஓராண்டு கூட ஆகவில்லை. போன வாரம் தண்ணீர் கொதித்ததும் அவள் கெட்டிலைத் தூக்கியிருக்கிறாள். கைப்பிடியின் கீழ்முனை பட்டென்று விட்டுவிட்டது. மேல்முனை மட்டும் பிடித்திருந்ததால் பாத்திரம் அப்படியே சாய்ந்து, கொதிநீர் முழுவதும் இடது முன்கையிலும் தொடையிலும் கொட்டிவிட்டது. கையில் தோல் ஒட்டு சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார் மருத்துவர். தட்டச்சு வேலைதான் அவளுடைய வருமானம். எத்தனை மாதம் முடங்கும் என்று தெரியவில்லை.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. உடைந்த கெட்டிலை அனுப்பினால் புதியதும் தருகிறார்களாம், கொடுத்த பணத்தையும் திருப்புகிறார்களாம். கூடவே ஒரு படிவம். "இச்சம்பவம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பார்சல் எடுக்க நாளைக்கே ஆள் வருவதாகச் சொல்கிறார்கள்.

பில் என் பெயரில், காயம் தங்கைக்கு. அவள் பெயரில் ஏதாவது கேட்க முடியுமா? அல்லது கிடைப்பதை வாங்கிக்கொண்டு சிகிச்சையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனமா?

---

சட்டப்புத்தகம்

முதலில் இரண்டு விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். கெட்டிலை அனுப்பாதீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற ஆளிடம் "பொருள் சான்றாக எங்களிடமே இருக்கும், எழுத்தில் பதில் அனுப்புகிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

காரணம் இதுதான். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோரிக்கைகள். கெட்டில் வேலைக்கு ஆகாமல் போனது ஒன்று. அதற்கு உத்தரவாதம் இருக்கிறது, புதியது கிடைக்கும், பணமும் திரும்பும். அந்தக் கெட்டிலால் ஒரு ஆளுக்குக் காயம் பட்டது இன்னொன்று. மருத்துவச் செலவு, இழந்த வருமானம், வலி, நிரந்தரத் தழும்பு, நாளைக்குத் தேவைப்படும் சிகிச்சை எல்லாம் இதில் வரும். குறைபாடுள்ள பொருளால் வரும் காயத்துக்கு அதைத் தயாரித்தவர்களையும் விற்றவர்களையும் பொறுப்பாக்கும் 'பொருள் பொறுப்பு'ச் சட்டங்கள் பலவற்றில் இந்தப் பிரிவினை அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. உதாரணமாக இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'தீங்கு' என்று சொல்லும்போது உடல் காயத்தையும் அதோடு வரும் மன வேதனையையும் சேர்க்கிறது, பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தைச் சேர்ப்பதில்லை. உங்களுக்கு வந்த படிவம் முதல் கோரிக்கைக்கான விலையைக் கொடுத்து இரண்டாவதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளப் பார்க்கிறது.

"பில் என் பெயரில்" என்ற கவலை வேண்டாம். நூறாண்டுக்கு முன்னால் என்றால் அது பெரிய சிக்கல்தான். விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையே ஒப்பந்தம், மூன்றாம் ஆளுக்கு அதில் இடமில்லை என்று நீதிமன்றங்கள் கதவைச் சாத்திவிடும். 1916இல் நியூயார்க்கில் பியூக் கார் வழக்கில் அந்தக் கதவு திறந்தது. மரச் சக்கரத்தின் ஆரக்கால்கள் நொறுங்கி ஓட்டியவர் காயமடைந்தார். காரை அவர் முகவரிடம்தான் வாங்கியிருந்தார், தயாரிப்பாளரிடம் இல்லை. போதாததற்குச் சக்கரம் வேறொரு ஆலையில் செய்தது. இருந்தும் கார் நிறுவனமே பொறுப்பு என்றார் நீதிபதி கார்டோசோ. 1932இல் பிரிட்டனில் டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு. ஒளி ஊடுருவாத புட்டியில் வந்த இஞ்சி பானத்தில் அழுகிய நத்தை இருந்ததாகப் புகார். பானத்துக்குக் காசு கொடுத்தது தோழி, குடித்து நோயுற்றதாகச் சொன்னது இந்தப் பெண். ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் கடைசியில் அதைப் பயன்படுத்தப்போகிற ஆளிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 1963இல் கலிஃபோர்னியாவில் வந்த கிரீன்மன் வழக்கு. மனைவி பரிசாகக் கொடுத்த மரவேலை இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரின் நெற்றியில் மரத்துண்டு பறந்து வந்து அடித்தது. பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் திருகாணிகள் போதுமானவையாக இல்லை, அதிர்வில் பாகம் நகர்ந்துவிட்டது என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். பொருளைச் சந்தைக்கு அனுப்பியவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று தோண்ட வேண்டியதில்லை, குறைபாடுள்ள பொருளால் காயம் ஏற்பட்டது என்று காட்டினால் போதும் என்றது நீதிமன்றம். இன்றைக்குப் பல நாட்டுச் சட்டங்களின் அடித்தளம் இதுதான்.

எந்த நாடு என்று நீங்கள் குறிப்பிடாததால் பொதுவாகச் சொல்கிறேன். உள்ளூர் வக்கீல் ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.

---

திருகாணி

நிலாமுற்றம், தங்கை சீக்கிரம் குணமாகட்டும். இருபதாண்டாக பிளாஸ்டிக் பாகங்கள் வடிவமைக்கிறேன். உடைந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். கையால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவும் கூடாது. முறிவு முகங்கள் ஒன்றோடொன்று உரசினாலே தடயம் அழிந்துபோகும்.

---

நிலாமுற்றம்

ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நன்றி.

பார்த்ததை எழுதுகிறேன். கைப்பிடியின் கீழ்முனையில் உள்பக்கமாக ஒரு குழாய் போன்ற பிளாஸ்டிக் புடைப்பு இருக்கிறது. பாத்திரத்திலிருந்து வரும் திருகாணி அதற்குள் போய்ப் பிடிக்கிறது. அந்தக் குழாய் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. திருகாணி வளையாமல் அப்படியே பாத்திரத்தில் நிற்கிறது, அதன் மரையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது. பிளவின் ஒரு பக்கம் பழுப்பாக, கறை படிந்த மாதிரி இருக்கிறது. மீதிப் பகுதி பளிச்சென்று வெளுத்திருக்கிறது. குழாய்க்குள் உலோகம் எதுவும் இல்லை, வெறும் பிளாஸ்டிக்தான்.

---

திருகாணி

நீங்கள் எழுதியதில் பெரிய செய்தி இருக்கிறது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

கறை படிந்த பகுதி பழைய விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். விரிசல் முன்பே விட்டு, ஒவ்வொரு முறை கொதிக்கும்போதும் நீராவி உள்ளே போய்ப் படிந்திருக்கும். வெளுத்த பகுதி கடைசியாக ஒரே இழுப்பில் கிழிந்த இடம், பிளாஸ்டிக் இழுபட்டால் வெளுக்கும். அதாவது கைப்பிடி அன்றைக்குத் திடீரென்று உடையவில்லை, நாள்பட மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் வேறு. உங்கள் தங்கைக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

தானே மரை வெட்டிக்கொண்டு போகும் திருகாணியை வெறும் பிளாஸ்டிக் குழாயில் முறுக்கினால், அந்தக் குழாய்ச் சுவரை வெளிப்பக்கமாக விரிக்கும் அழுத்தம் நிரந்தரமாக நிற்கும். சுவர் மெல்லியதாக இருந்தாலோ, ஆலையில் அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலோ நீளவாக்கில் பிளக்கும். நீங்கள் சொன்ன பிளவும் நீளவாக்கில்தான். அதன்மேல் தினமும் சூடாகி ஆறும் சுழற்சி. பித்தளை உள்ளிழை (உள்ளே மரை வெட்டிய சிறு உலோகக் குழல்) ஒன்றைப் பதித்திருந்தால் இந்தச் சுமையைத் தாங்கியிருக்கும். அதற்காகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

அதே மாடல் இன்னொரு கெட்டில் வாங்க முடியுமானால் வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். வக்கீல் சொல்லும்போது நிபுணரிடம் கொடுக்கலாம். எல்லாக் கெட்டிலிலும் சுவர் அதே மெல்லிசாக இருந்தால் வடிவமைப்புக் குறைபாடு. மற்றதெல்லாம் சரியாக இருந்து உங்களுடையது மட்டும் மெல்லிசாகவோ குமிழியோடோ இருந்தால் உற்பத்திக் குறைபாடு. வழக்கு போகும் பாதை இந்த இரண்டுக்கும் வேறு வேறு.

---

நேர்பேச்சு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். காயம்பட்டவர்மேல் எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் கொதிநீர் ஆபத்தானது என்று யாருக்குத் தெரியாது? உச்சக் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிரப்பியிருந்தால்? கீழே விழுந்து ஏற்கெனவே அடிபட்ட கெட்டிலாக இருந்தால்? வேகமாகச் சுழற்றித் தூக்கியிருந்தால்? எதற்கெடுத்தாலும் தயாரிப்பாளர் தலையில் கட்டினால் கடைசியில் எல்லாப் பொருளின் விலையும்தான் ஏறும். பயன்படுத்துபவருக்குப் பொறுப்பே கிடையாதா?

---

சட்டப்புத்தகம்

நேர்பேச்சு, உங்கள் கேள்விகளைத்தான் எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்பார். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பயன்படுத்துபவருக்குப் பொறுப்பு உண்டு. பொருளை மாற்றியமைத்திருந்தால், தவறாகப் பயன்படுத்தியிருந்தால் கோரிக்கை குறையும், சில நேரம் விழுந்தே போகும். இந்தியச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. யாருக்கும் தெரிந்த வெளிப்படையான ஆபத்தை எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. கொதிநீர் சுடும் என்பது அப்படிப்பட்ட ஆபத்து. கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் விரிசல் அப்படியா? இங்கே புகார் நீர் சூடாக இருந்தது என்பதல்ல. தூக்குவதற்கென்றே இருக்கும் பாகம் தூக்கும்போது கழன்றது என்பதுதான்.

அப்புறம், எல்லாத் 'தவறான பயன்பாடும்' ஒன்றல்ல. மனிதர்கள் இயல்பாக எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைத் தயாரிப்பாளர் முன்கூட்டி நினைத்துப் பார்த்தாக வேண்டும். இழுப்பறை அலமாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் எல்லா அறைகளையும் இழுத்து, படி போல ஏறுவார்கள். அலமாரி அதற்காகச் செய்யப்பட்டதல்ல, உண்மைதான். ஆனால் குழந்தை உள்ள வீட்டில் இது நடக்கும் என்பது யாருக்கும் தெரியும். அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்த பின் 2016இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் மாட்டும் பட்டை கூடவே கொடுக்கப்பட்டதுதான். அது போதவில்லை. 2022இல் சாயாத்தன்மைக்கான கட்டாயத் தரத்துக்கு அங்கே தனிச் சட்டமே வந்தது.

பொறியியலில் ஒரு வரிசை உண்டு: ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு வை, அதுவும் முடியாவிட்டால் எச்சரி. எச்சரிக்கை கடைசிப் படி. 'கைப்பிடி கழலலாம், கவனம்' என்று ஒட்டிவிட்டு மெல்லிய பிளாஸ்டிக்கை விற்க முடியாது.

இழப்பீட்டைப் பங்கிடுவதும் உண்டு. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவக நிறுவனத்தின்மேல் போட்ட காப்பி வழக்கைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மடியில் காப்பி கொட்டியதற்குக் கோடிக்கணக்கில் வாங்கிவிட்டார் என்று சொல்லிச் சொல்லி அந்த 79 வயது மூதாட்டியை அவமானப்படுத்தியே விட்டார்கள். நடந்தது வேறு. அந்தக் காப்பி சுமார் 82 முதல் 88 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் பரிமாறப்பட்டது. அவருக்கு மூன்றாம் நிலைத் தீக்காயம், தோல் ஒட்டு சிகிச்சை. அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான சூட்டுக்காயப் புகார்கள் நிறுவனத்துக்கு வந்திருந்தன. முதலில் அவர் கேட்டது 20,000 டாலர், நிறுவனம் தர முன்வந்தது 800. 1994இல் நடுவர் குழு அவர்மேலும் 20 சதவீதப் பொறுப்பு வைத்து, 2 லட்சம் டாலர் இழப்பீட்டை 1,60,000 ஆகக் குறைத்தது. பெரிதாகப் பேசப்பட்ட தண்டனைத் தொகையை (நிறுவனத்தைத் தண்டிக்க இழப்பீட்டுக்கு மேல் விதித்தது) நீதிபதி வெகுவாகக் குறைத்துவிட்டார், கடைசியில் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. நீங்கள் கேட்ட 'பயன்படுத்துபவர் பொறுப்பு' அந்த வழக்கிலேயே 20 சதவீதமாக எண்ணப்பட்டிருக்கிறது.

விலை ஏறும் என்பது பற்றி: காயத்தின் செலவு எப்படியும் இருக்கத்தான் செய்கிறது. அதை ஒரு பெண்ணின் தலையில் மொத்தமாக இறக்குவதா, லட்சக்கணக்கில் விற்கிற பொருளின் விலையில் பரவலாகப் பிரிப்பதா என்பதுதான் கேள்வி. 1944இல் கையில் வெடித்த கோக்கா-கோலா புட்டி வழக்கிலேயே நீதிபதி டிரேனர் இந்த வாதத்தை வைத்தார். பொருளின் ஆபத்தை முன்னறியவும் தடுக்கவும் காப்பீட்டால் ஈடுகட்டவும் முடிந்தவர் தயாரிப்பாளர், வாங்குபவர் அல்ல. பத்தொன்பது ஆண்டு கழித்து கிரீன்மன் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

---

இரவுப்பணி

தீக்காயப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, மருத்துவக் குறிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவசரப் பிரிவில் முதலில் எழுதப்படும் இரண்டு வரிதான் எல்லா இடத்துக்கும் போகும். "வெந்நீர் தவறிக் கொட்டியது" என்று ஒருவர் எழுதிவிட்டால் அடுத்து வருகிறவர்கள் எல்லோரும் அதையே எடுத்தெழுதுவார்கள். வலியில் துடிக்கும் ஆளிடம் யாரும் கைப்பிடியைப் பற்றிக் கேட்பதில்லை. நிலாமுற்றம், தங்கையின் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று உடனே பாருங்கள். கைப்பிடி கழன்றது என்று இல்லையென்றால், அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பழையதை அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அது வேறு சிக்கல்.

காயத்தை ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. தழும்பு முதிர ஓராண்டு, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். மூட்டுப் பக்கம் தோல் சுருங்கினால் விரல், மணிக்கட்டு அசைவு குறையும். தட்டச்சுதான் தொழில் என்றால் இது மிக முக்கியம். இயன்முறை மருத்துவர் அளந்து எழுதும் அசைவு எண்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். இழப்பீட்டை இப்போதே முடித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து வருகிற அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

---

கல்லாப்பெட்டி

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடை நடத்துகிறேன். இந்த இழையைப் படித்ததும் எனக்குப் பயம்தான் வருகிறது. ஒட்டிய பெட்டியில் வருகிறது, ஒட்டியபடியே விற்கிறேன். உள்ளே திருகாணி எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னையும் நீதிமன்றத்தில் நிறுத்துவார்களா?

---

சட்டப்புத்தகம்

நியாயமான பயம். நாட்டுக்கு நாடு விடை மாறும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விற்பனைச் சங்கிலியில் உள்ள எல்லோரும் பொறுப்பு, அப்புறம் அவர்களுக்குள் ஈடுகட்டிக்கொள்ள வேண்டியதுதான். பாதிக்கப்பட்டவர் முகம் தெரியாத ஆலையைத் தேடி அலையக் கூடாது என்பதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1985 நெறிமுறையில் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்க வேண்டிய பொது விதி) முதல் பொறுப்பு தயாரிப்பாளருக்கும், தன் பெயரைப் பொருளில் பொறித்துக்கொள்பவருக்கும், ஒன்றியத்துக்குள் இறக்குமதி செய்பவருக்கும். அவர்கள் யாரென்று உரிய காலத்துக்குள் சொல்ல முடியாத விற்பனையாளர் அந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். இந்தியச் சட்டமும் கிட்டத்தட்ட இதே போக்குதான். பொருளை மாற்றியமைத்தால், தயாரிப்பாளர் சொல்லாத உறுதியைத் தாமாகக் கொடுத்தால், எச்சரிக்கைத் தாளை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டால், தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் விற்பனையாளர் மாட்டிக்கொள்வார். மலேசியாவின் 1999 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் பொருள் பொறுப்புக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

ஆகவே உங்களுக்குக் கவசம் காகிதம்தான். யாரிடம் வாங்கினீர்கள், எந்தத் தொகுதி, எந்தத் தேதி என்ற கொள்முதல் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். முகவரி இல்லாத மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள். "இது எவ்வளவு சூட்டையும் தாங்கும்" என்று வாய்க்கு வந்த உறுதி கொடுக்க வேண்டாம்.

இணையச் சந்தைகளுக்கும் இப்போது இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2020இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்றாம் தரப்பு விற்பனையாளரின் மடிக்கணினி மின்கலம் தீப்பிடித்த வழக்கில், விற்பனையில் முழுப் பங்கு வகித்த அமேசானும் பொறுப்பாகலாம் என்றது. ஐரோப்பாவின் புதிய நெறிமுறை 2024இல் வந்தது. 2026 டிசம்பர் 9க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். மென்பொருளும் பொருள்தான் என்கிறது, சில சூழல்களில் இணையத் தளங்களையும் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள சான்று விதி. நம்பத்தகுந்த அளவுக்கு வழக்கு இருப்பதாகக் காட்டினால், தன் கையிலுள்ள ஆவணங்களை வெளியிட நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். இத்தனை காலமும் சோதனை அறிக்கை எல்லாம் ஒரு பக்கம், காயம் மட்டும் இன்னொரு பக்கம் என்றுதான் இருந்தது.

---

வரிசை_எண்

தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். நிலாமுற்றம், கெட்டிலைக் கவிழ்த்தால் அடியில் ஒரு தகடோ ஒட்டியோ இருக்கும். மாடல் எண்ணோடு தயாரித்த வாரமும் தொகுதி எண்ணும் அதில் இருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். அந்த எண் இருந்தால் எந்த அச்சில் வார்த்தது, எந்த நாள் பூட்டியது, முறுக்குக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது எல்லாவற்றையும் ஒழுங்காக நடக்கும் ஆலை எடுத்துவிடும்.

இதையும் மனதில் வையுங்கள். அந்தத் தொகுதியில் உங்கள் கெட்டில் ஒன்று மட்டும் செய்யப்படவில்லை. அச்சு ஒன்றுதான், முறுக்குக் கருவி ஒன்றுதான். இன்றைக்கும் வேறு எத்தனையோ வீடுகளில் அதே விரிசலோடு கெட்டில்கள் கொதித்துக்கொண்டிருக்கலாம், பக்கத்தில் குழந்தைகள் நிற்கலாம். நிறுவனம் புகாரைப் 'பொருள் மாற்றித் தரப்பட்டது' என்று மூடினால், காயம் என்ற சொல்லே அவர்கள் கணக்கில் ஏறாமல் போகும் வாய்ப்பு உண்டு. அதனால் உங்கள் கடிதத்தில் முதல் வரியிலேயே 'உடல் காயம்' என்று எழுதுங்கள். உங்கள் நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு அமைப்பிலும் தனியாகப் புகார் பதியுங்கள். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. ஐரோப்பாவில் நாடுகள் தங்களுக்குள் அபாய எச்சரிக்கை பகிரும் பொது வலைதளம் உண்டு. அங்கே இதே மாடல் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இந்தப் புகாரால் உங்கள் தங்கைக்குப் பணம் வராது. இன்னொரு கை வேகாமல் போகலாம்.

ஒரு சேர்க்கை: "எங்கள் பொருள் தரச்சான்று பெற்றது" என்று பதில் வரும். வீட்டு மின்கருவிகளின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60335 வரிசையில் திரவம் சூடாக்கும் கருவிகளுக்குத் தனிப் பகுதி உண்டு, அதன்படி மாதிரியைச் சோதித்திருப்பார்கள். சோதனைக்குப் போனது ஒரு மாதிரி. உங்கள் கைக்கு வந்தது வேறொரு நாளில் பூட்டியது.

---

நேர்பேச்சு

சட்டப்புத்தகம், விளக்கத்துக்கு நன்றி. மறைந்திருந்த விரிசல் என்றால் என் கேள்விகளில் பாதி இங்கே பொருந்தாது. ஆனால் கெட்டில் முன்பு கீழே விழுந்ததா என்பதை அவர்கள் கேட்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

---

பழைய_தழும்பு

மடிப்பு ஏணியின் பூட்டு விட்டு விழுந்து கால் முறிந்த ஆள் நான். வழக்கு நெடுநாள் இழுத்தது. நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் பூட்டை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். அறிக்கை வந்தது: 'பயனாளர் தவறு'. பூட்டைத் திருப்பிக் கேட்டால் சோதனைக்காக அறுத்துவிட்டோம் என்று துண்டுகள் வந்தன. எங்கள் நிபுணர் பார்க்க அதில் எதுவும் மிஞ்சவில்லை. வக்கீல் முன்கூட்டியே எல்லாப் பக்கமும் படம் எடுத்து, உறையில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்ததால்தான் வழக்கு நின்றது.

தங்கையை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த நாள் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, யார் உதவிக்கு வந்தார்கள், தூக்கம் எப்படி, ஆட்டோச் செலவு, களிம்புச் செலவு. சாட்சிக் கூண்டில் நிற்கும்போது வலியை நினைவிலிருந்து சொல்ல முடியாது.

---

நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. நடந்தவை: மருத்துவக் கோப்பில் "வெந்நீர் கொட்டியது" என்று மட்டும்தான் இருந்தது. இரவுப்பணி அக்கா சொன்னபடி நேற்றைய பரிசோதனைக் குறிப்பில் கைப்பிடி கழன்றது பதிவாகிவிட்டது. கெட்டில் ஒருமுறையும் கீழே விழவில்லை என்று தங்கையும் அவள் கணவரும் சொல்கிறார்கள், தனித்தனியாக எழுதி வாங்கிவிட்டேன். வக்கீல் ஒருவரைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினோம். இப்போது நிறுவனம் தொனி மாற்றி, தங்கள் பொறியாளர் வந்து பார்க்கலாமா என்று கேட்கிறது. விடலாமா?

---

திருகாணி

விடலாம், மறுத்தால் நாளைக்கு அதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். ஆனால் உங்கள் நிபுணர் இல்லாமல் கெட்டிலை வைத்திருக்கும் உறையைத் திறக்கக் கூடாது. முதல் நாள் பார்ப்பதும் படம் எடுப்பதும் அளப்பதும் மட்டும். கழுவுதல், அறுத்தல், திருகாணியைக் கழற்றுதல் எதுவும் இல்லை. அதற்கெல்லாம் இரு தரப்பும் கையெழுத்திட்ட சோதனைத் திட்டம் முன்கூட்டியே வேண்டும். அவர்கள் எடுக்கும் படங்களின் நகலையும் கேளுங்கள். பொருள் இரவில் உங்கள் வக்கீலிடமே திரும்ப வேண்டும்.

---

சட்டப்புத்தகம்

அதோடு காலவரம்பு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் மட்டும் அது நின்றுவிடாது. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு, ஐரோப்பிய நெறிமுறைப்படி சேதமும் குறைபாடும் தயாரிப்பாளரும் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு, பொருள் சந்தைக்கு வந்து பொதுவாக 10 ஆண்டு வரை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் வக்கீலிடம் கடைசித் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வு நாளில் நிறுவனத்தின் ஆள் எந்தத் தாளை நீட்டினாலும், வருகைப் பதிவு என்றாலும், வக்கீல் படித்த பிறகே தங்கை கையெழுத்திட வேண்டும்.

---

நிலாமுற்றம்

புரிந்தது. அடுத்த வாரம் வக்கீல் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இன்றே பதில் போடுகிறோம். சோதனைத் திட்டம் வந்ததும் இங்கே பகிர்கிறேன், திருகாணி ஒருமுறை பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.